பப்பாசி இலைச்சாறு டெங்கு வைரசின் நொதியத்தை மறிக்குமா?

கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன், மற்ற ஆக்களுக்கும் விளங்கும். கேட்டவர் புதுக்குடியிருப்பில் உயர்தரம் உயிரியல் படிக்கும் ஒரு தங்கச்சி. மாரியில் தம்பிக்கு டெங்கு வந்தபோது வீட்டில் பப்பாசி இலையை இடித்துச் சாறு கொடுத்திருக்கிறார்கள். அந்த இலையிலுள்ள சேர்வைகள் டெங்கு வைரசின் நொதியத்தில் (தாக்கங்களை வேகப்படுத்தும் புரதத்தில்) நன்றாகப் பொருந்துகின்றன என்று கணினியில் செய்த ஆய்வொன்றும் அவர் கண்ணில் பட்டிருக்கிறது. கொவிட்டுக்கும் எச்.ஐ.விக்கும் நொதியத்தை மறிக்கும் குளிசைகள் இருக்கின்றன. டெங்குக்கு ஏன் இல்லை, இலையில் இருப்பதை எடுத்து ஏன் குளிசையாக்கவில்லை, இப்படியான மருந்தை எப்படித்தான் வடிவமைக்கிறார்கள் என்று கேட்கிறார்.

நேராகச் சொன்னால், இலைச்சாறு டெங்கு மருந்து என்று சொல்வதற்கு இதுவரை போதிய ஆதாரம் இல்லை. ஆனால் பப்பாசிக்கும் வைரசு மருந்துகளுக்கும் தொடர்பே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். தொடர்பு இருக்கிறது, நல்ல ஆழமான தொடர்பு. அது இலையில் இல்லை, காயைக் கீறினால் வடிகிற பாலில் இருக்கிறது. கொவிட் குளிசை எப்படி வேலை செய்கிறது என்பதை விளங்கிக்கொள்ள அந்தப் பாலை விட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியாது. ஆகவே அங்கிருந்தே வருகிறேன்.

முற்றின ஆட்டிறைச்சி வேகாது என்று தெரிந்தால் சட்டிக்குள் பச்சைப் பப்பாசிக்காய்த் துண்டு இரண்டைப் போடுவது எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்கிற வேலை. இறைச்சியை மெதுவாக்குவது பப்பெயின் என்ற நொதியம். பப்பாசிப் பால் நெடுநேரம் கையில் பட்டால் விரல்நுனி எரிந்து தோல் உரிகிறதே, அதுவும் இதன் வேலைதான். ஆட்டின் புரதம், உங்கள் தோலின் புரதம் என்ற பேதம் அதற்கில்லை. சூட்டையும் நன்றாகத் தாங்கும். 60, 65 பாகை செல்சியசில்தான் அதன் வேகமே கூடுகிறது. அதனால்தான் சட்டி சூடேறத் தொடங்கிய பிறகும் கொஞ்ச நேரம் வெட்டிக்கொண்டே இருக்கும். கொதி வந்து நின்றதும் அடங்கிவிடும்.

அது வெட்டுவது பெப்ரைட்டுப் பிணைப்பை, அதாவது புரதத்தில் அமினோவமிலங்களைக் கோத்து வைத்திருக்கும் பிணைப்பை. இந்தப் பிணைப்பு எவ்வளவு பிடிவாதமானது என்றால், நொதியம் இல்லாமல் சாதாரண வெப்பநிலையில் வெறும் நீரில் விட்டால் பாதி உடைவதற்கு நூற்றுக்கணக்கான வருடங்கள் பிடிக்கும். பப்பெயின் அதே வேலையை ஒரு செக்கனுக்குள் முடிக்கிறது. எப்படி?

பப்பெயின் 212 அமினோவமிலங்கள் கொண்ட ஒரே சங்கிலி. அதில் இரண்டின் மேல் மட்டும் கண்ணை வையுங்கள்: 25ஆம் இடத்துச் சிஸ்டீன், 159ஆம் இடத்து ஹிஸ்டிடீன். சிஸ்டீனின் கந்தகத்திலுள்ள புரோத்தனை ஹிஸ்டிடீன் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. இப்போது கந்தகத்தில் மறை ஏற்றம். இறைச்சியின் புரதச் சங்கிலி உயிர்ப்பு மையத்தில், அதாவது நொதியத்தில் வெட்டு நடக்கும் இடத்தில், வந்து படுத்ததும், அந்தக் கந்தகம் பெப்ரைட்டுப் பிணைப்பின் காபனைல் காபனைத் தாக்கிப் பங்கீட்டுவலுப் பிணைப்பு ஒன்றை உண்டாக்குகிறது. அதுவரை தளமாக இருந்த காபன் நான்முகி வடிவத்துக்கு மாறுகிறது. அதன் ஒட்சிசனில் மறை ஏற்றம் தேங்குகிறது. அந்த ஏற்றத்தைத் தாங்கிப்பிடிக்க நொதியத்தில் சரியாக அந்த இடத்தில் ஒரு சிறு குழி, அதற்குள் ஐதரசன் பிணைப்புக் கொடுக்கத் தயாராக இரண்டு கூட்டங்கள். அப்புறம் ஹிஸ்டிடீன் தான் வைத்திருந்த புரோத்தனைச் சங்கிலியின் நைதரசனுக்குக் கொடுக்கிறது. சங்கிலி அறுந்து ஒரு துண்டு வெளியே போகிறது. மற்றத் துண்டு கந்தகத்தில் ஒட்டியபடி நிற்கிறது. நீர் மூலக்கூறு ஒன்று வந்து அதையும் கழற்றிவிட, நொதியம் பழையபடி அடுத்த வெட்டுக்குத் தயார்.

பாடத்தில் பூட்டும் சாவியும் என்று படித்திருப்பீர்கள். எமில் பிஷர் 1894இல் சொன்னது. பரீட்சைக்கு அது போதும், ஆனால் மருந்து வடிவமைக்க அது ஆளைப் பிழையான பக்கத்துக்குக் கொண்டுபோய்விடும். கீழ்ப்படை, அதாவது நொதியம் தாக்கும் பொருள், தன் இயல்பான வடிவத்தில் நொதியத்துக்குள் மிகக் கச்சிதமாகப் பொருந்திவிட்டால் அங்கேயே சுகமாகக் கிடக்கும்; தாக்கம் நடக்காது. லைனஸ் போலிங் 1940களில் சொன்னது இதைத்தான்: நொதியம் கச்சிதமாகப் பொருந்துவது கீழ்ப்படைக்கும் இல்லை, விளைவுக்கும் இல்லை, இரண்டுக்கும் நடுவே ஒரு கணம் தோன்றி மறைகிற தாண்டல் நிலைக்கு. வேலியில் உள்ள கடப்பை நினைத்துப் பாருங்கள். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே, உடம்பைக் கோணிக்கொண்டு நிற்கிற அந்த நிலைக்கு அளவெடுத்தது அது. நேராக நிற்கிற ஆளுக்கு அளவெடுத்தது இல்லை. அந்தக் கோணல் நிலையிலேயே மரத்தால் ஒரு உருவம் செய்து கடப்பில் செருகிவிட்டால், பிறகு ஒருவரும் கடக்க முடியாது. நல்ல நிரோதி, அதாவது நொதியத்தை மறிக்கும் சேர்வை, பெரும்பாலும் அந்த மர உருவம்தான்: தாண்டல் நிலையைப் போல இருக்கும், ஆனால் அதைத் தாண்டி எங்கும் போகாது.

இந்த யோசனையைச் சோதித்துப் பார்த்த நொதியங்களில் பப்பெயின் முன்வரிசையில் நின்றது. காய் மலிவு, பால் தாராளம், நொதியத்தைத் தூய்மையாக்குவதும் இலகு. 1967இல் ஷெக்டர், பேகர் என்ற இருவர் பப்பெயினின் உயிர்ப்பு மையம் ஏழு சிறு குழிகள் கொண்டது என்று கண்டு, வெட்டு விழும் இடத்திலிருந்து இரு பக்கமும் அவற்றுக்கு இலக்கம் போட்டார்கள். எந்தப் புரொட்டியேசுக்கு (புரதம் வெட்டும் நொதியத்துக்கு) மருந்து செய்கிறவரும், எச்.ஐ.வியாக இருக்கட்டும் கொரோனாவாக இருக்கட்டும், இன்றைக்கும் அந்த இலக்கங்களில்தான் கதைக்கிறார். 1972இல் வுல்பென்டன் என்ற ஆய்வாளரின் ஆய்வுகூடம், சிறு பெப்ரைட்டின் நுனியில் அல்டிகைட்டுக் கூட்டம் ஒன்றை வைத்தால் அது பப்பெயினை மிக இறுக்கமாக மறிக்கிறது என்று காட்டியது. காரணம் விளங்கும்தானே? கந்தகம் அல்டிகைட்டின் காபனைத் தாக்குகிறது, காபன் நான்முகி ஆகிறது, ஒட்சிசன், மறை ஏற்றத்தைத் தாங்கும் என்று மேலே சொன்ன அந்தச் சிறு குழிக்குள் போய் உட்காருகிறது. ஆனால் அறுந்து போவதற்கு அங்கே நைதரசன் இல்லை. அரைவாசியில் நின்றுவிடுகிறது. அல்டிகைட்டுக்குப் பதிலாக நைத்திரைல் கூட்டம், அதாவது காபனும் நைதரசனும் மும்மைப் பிணைப்பில் இருக்கும் ஒன்று, வைத்தாலும் பப்பெயின் அகப்படும் என்பதும் அந்தக் காலத்திலேயே தெரிந்துவிட்டது.

அந்த நைத்திரைலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொரோனா வைரசு தன் புரதங்களைத் தனித்தனியாக உண்டாக்குவதில்லை. நீண்ட சங்கிலியாக உண்டாக்கி, பிறகு வெட்டிப் பிரிக்கிறது. வெட்டும் வேலையில் பெரும்பங்கு, 11 இடங்களில், பிரதான புரொட்டியேசு என்று சொல்லப்படும் நொதியத்துக்கு. 306 அமினோவமிலங்கள், இரண்டு பிரதிகள் சேர்ந்தால்தான் வேலை செய்யும். அதன் உயிர்ப்பு மையத்தில் இருப்பது 145ஆம் சிஸ்டீனும் 41ஆம் ஹிஸ்டிடீனும். பப்பெயினுக்கும் இதற்கும் புரத மடிப்பில் உறவில்லை, பரம்பரையில் உறவில்லை. ஆனால் கந்தகம் தாக்கும் முறை ஒன்றுதான். மருந்து வடிவமைப்பவருக்கு இதில் ஒரு வசதியும் ஒரு ஆபத்தும் உண்டு. வசதி: பப்பெயினில் பழகிய இரசாயனத்தை இங்கே பாவிக்கலாம். ஆபத்து: எங்கள் உடம்பிலும் பப்பெயினின் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். கதெப்சின் என்று ஒரு குடும்பமே உண்டு. அவற்றையும் சேர்த்து மறித்தால் மருந்து நஞ்சாகும்.

தப்பிக்க வழி, வெட்டும் இடத்தில் கிடைத்தது. கொரோனாவின் புரொட்டியேசு குளூட்டமின் என்ற அமினோவமிலத்துக்குப் பின்னால்தான் வெட்டும். மனித உடம்பின் புரொட்டியேசுகளில் அப்படியொரு கண்டிப்பு உள்ளது தெரியவரவில்லை. ஆகவே நிரோதியின் முதற்குழிக்குள் போகும் பகுதியைக் குளூட்டமின் போலச் செய்துவிட்டால் மனித நொதியங்கள் பெரும்பாலும் அதைத் திரும்பிப் பார்க்காது. குளூட்டமினை வளையமாக மடக்கி லக்ரம் ஆக்கும் உத்தி 1990களிலேயே இருந்தது. தடிமன் உண்டாக்கும் ரைனோ வைரசுக்காக ருபின்ட்ரிவிர் என்று ஒரு மருந்து செய்துபார்த்தபோது வந்த உத்தி. அந்த மருந்து தேறவில்லை. 2003இல் சார்ஸ் வந்தபோது பைசர் நிறுவனம் அதே வழியில் ஒரு நிரோதி செய்தது. சார்ஸ் அடங்கியதும் அதைத் தூக்கி வைத்துவிட்டார்கள். 2020இல் தூசி தட்டி எடுத்தபோது ஒரு சிக்கல்: ஐதரசன் பிணைப்புக் கொடுக்கும் கூட்டங்கள் அதில் அதிகம், குடலால் உறிஞ்சப்படாது. ஊசியால்தான் ஏற்ற வேண்டும். வீட்டிலிருக்கும் நோயாளிக்குச் சேலன் ஏற்றிக்கொண்டிருக்க முடியுமா?

ஆகவே மாற்றினார்கள். இரண்டாம் குழிக்குப் போகும் பகுதியை ஈரல் அழற்சி சி வைரசுக்கான பொசெப்ரெவிர் என்ற மருந்திலிருந்து எடுத்தார்கள். அதில் அந்த இடத்து நைதரசன் வளையத்துக்குள் பூட்டப்பட்டிருப்பதால் ஐதரசன் ஒன்று குறைகிறது. கந்தகத்தைப் பிடிக்கும் முனையில் நைத்திரைலை வைத்தார்கள். அதுதான் கொவிட் குளிசையான நிர்மட்ரெல்விர். கந்தகம் அந்த நைத்திரைலைத் தாக்கி ஒட்டிக்கொள்கிறது. ஒட்டினது திரும்பக் கழரவும் கூடும், ஆனால் மெதுவாக. நொதியத்தைப் பாதி மறிக்க நனோமோலர் கணக்கில், அதாவது மிக மிகச் சிறிய செறிவில், போதும். 2021 டிசம்பரில் அமெரிக்காவில் அவசரகால அனுமதி, 2023 மேயில் முழு அனுமதி. தடுப்பூசி போடாத, ஆபத்துக் கூடிய நோயாளிகளுக்கு அறிகுறி தொடங்கி மூன்று நாளுக்குள் கொடுத்தபோது ஆஸ்பத்திரியில் சேர்வதையோ இறப்பதையோ 89 வீதம் குறைத்தது. வேகமாகச் செய்துவிட்டார்கள் என்று எல்லாரும் வியக்கிறார்கள். எனக்கு வியப்பு வேகத்தில் இல்லை. தேறாமல் போன ஒரு தடிமன் மருந்து, மூலையில் கிடந்த ஒரு சார்ஸ் சேர்வை, வேறொரு வருத்தத்தின் குளிசை, அரை நூற்றாண்டுக்கு முந்தைய பப்பாசிப் பால் ஆராய்ச்சி, இத்தனையும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன என்பதில்தான்.

நிர்மட்ரெல்விர் வரும் பெட்டிக்குள் இன்னொரு குளிசையும் இருக்கும், ரிட்டோனவிர். அது 1996இல் எச்.ஐ.வி புரொட்டியேசுக்காக வந்த மருந்து. இங்கே அதற்கு வைரசோடு வேலையில்லை. நிர்மட்ரெல்விரை எங்கள் ஈரலிலுள்ள ஒரு நொதியம் உடைத்துத் தள்ளிவிடுகிறது. ரிட்டோனவிர் அந்த ஈரல் நொதியத்தை மறித்து வைத்திருக்கும். அதே ஈரல் நொதியம்தான் சிம்வாஸ்டற்றின் போன்ற கொலஸ்ரோல் குளிசையையும் உடைப்பது. இரண்டையும் சேர்த்து எடுத்தால் கொலஸ்ரோல் குளிசை இரத்தத்தில் ஏறித் தசையைப் பாதிக்கும். ஒரு நொதியத்தை மறித்தால், நீங்கள் நிறுத்த விரும்பிய வேலை மட்டுமல்ல, அதன் எல்லா வேலையும் நிற்கும்.

எச்.ஐ.வி பக்கம் கதை வேறு மாதிரி. சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போகிறேன். அங்கே கந்தகம் கிடையாது. 99 அமினோவமிலச் சங்கிலிகள் இரண்டு ஒன்றையொன்று பார்த்தபடி சேர்ந்து, ஒவ்வொன்றும் ஒரு அஸ்பார்ட்டிக் அமிலத்தைக் கொடுக்கிறது. அவை இரண்டும் நடுவே ஒரு நீர் மூலக்கூறைப் பிடித்து அதைக் கொண்டு தாக்குகின்றன. 1989இல் அதன் பளிங்குக் கட்டமைப்பு வெளிவந்தது. 1995 டிசம்பரில் சக்வினவிர் அனுமதி பெற்றது. அதன் நடுவிலிருக்கும் ஐதரொட்சில் கூட்டம், நீர் தாக்கியதும் உண்டாகும் நான்முகி வடிவத்தின் சாயல். கொப்புளிப்பானுக்குக் கொடுக்கிற அசைக்குளோவிர் இன்னொரு வகை: வைரசின் சொந்த நொதியம்தான் அதற்குப் பொசுபேற்றை ஏற்றி உயிர்ப்பிக்கிறது, ஆகவே வைரசு இல்லாத கலத்தில் அது பெரும்பாலும் சும்மா கிடக்கும். அந்த வழியில் உழைத்த கேர்ட்ரூட் எலியன் 1988இல் நோபல் பரிசு பெற்றார்.

இன்புளுவென்சாவில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் வைரசு எப்படித் தப்புகிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டுவது வேறில்லை. நியூராமினிடேசு என்ற அதன் நொதியம் சியாலிக் அமிலம் என்ற வெல்லத்தை அறுத்துப் புது வைரசுகளைக் கலத்திலிருந்து விடுவிக்கிறது. அறுக்கும் கணத்தில் அந்த வெல்ல வளையம் தட்டையாகிறது. தட்டையான வளையம் கொண்ட ஒரு சேர்வை ஏற்கெனவே கையில் இருந்தது, ஆனால் அதன் பிடி போதவில்லை. 1983இல் நொதியத்தின் கட்டமைப்பு அவுஸ்திரேலியாவில் தெரியவந்ததும், வளையத்தின் நாலாம் காபனுக்குப் பக்கத்தில் மறை ஏற்றமுள்ள ஒரு வெற்றுக்குழி கிடப்பதைக் கண்டார்கள். அந்த இடத்து ஐதரொட்சிலை எடுத்துவிட்டு நேர் ஏற்றமுள்ள குவானிடின் கூட்டத்தை வைத்தார்கள். பிடி ஆயிரக்கணக்கான மடங்கு இறுகியது. அது சனமிவிர். 1999இல் வந்தது. ஏற்றம் அதிகமென்பதால் குடலால் போகாது, தூளாக உறிஞ்ச வேண்டும். விழுங்கக்கூடியதாகச் செய்தது ஒசெல்டமிவிர். அதில் கொழுப்புத்தன்மையான ஒரு பக்கச்சங்கிலியை வைத்தார்கள். அது உட்கார வேண்டுமென்றால் நொதியத்தின் ஒரு குளூட்டமிக் அமிலம் திரும்பி இடம்விட வேண்டும். வைரசு 275ஆம் இடத்தில் ஒரேயொரு அமினோவமிலத்தை மாற்றி அந்தத் திரும்பலைக் கெடுத்துவிட்டது. 2008, 2009 வாக்கில் வழமையான எச்1என்1 வைரசுகளில் பெரும்பாலானவை பல நாடுகளில் ஒசெல்டமிவிருக்கு அடங்காதவையாகிவிட்டன. சனமிவிருக்கு அவை அடங்கின. ஏன்? சனமிவிர் இயற்கையான கீழ்ப்படையிலிருந்து அதிகம் விலகவில்லை. அதை வெளியே தள்ளும்படி நொதியத்தை மாற்றினால் கீழ்ப்படையையும் தள்ளவேண்டி வரும். வைரசு தன் பிழைப்பையே கெடுத்துக்கொள்ளும். மருந்து கீழ்ப்படையின் எல்லைக்கு வெளியே எங்கே நீட்டிக்கொண்டு நிற்கிறதோ, அங்கேதான் வைரசுக்கு வாசல்.

சரி, டெங்குக்கு வருவோம்.

டெங்கு வைரசும் நீண்ட சங்கிலியைத்தான் உண்டாக்கி வெட்டுகிறது. வெட்டுவது, என்.எஸ்.2பி, என்.எஸ்.3 என்ற இரண்டு வைரசுப் புரதங்கள் சேர்ந்த புரொட்டியேசு. இதில் தாக்குவது செரீன், 135ஆம் இடம். துணைக்கு 51ஆம் ஹிஸ்டிடீனும் 75ஆம் அஸ்பார்ட்டிக் அமிலமும். இயங்குமுறை நன்றாகத் தெரியும், கட்டமைப்பும் தெரியும். ஆனாலும் இந்த நொதியம் மருந்துக்காரரைப் பல வருடமாக அலைக்கழிக்கிறது. அதன் உயிர்ப்பு மையம் ஆழமில்லை, தட்டை. பிடித்துத் தொங்க மேடுபள்ளம் குறைவு. அது வெட்டுவது நேர் ஏற்றமுள்ள இரண்டு அமினோவமிலங்களுக்கு, ஆர்ஜினீன் அல்லது லைசீனுக்கு, பின்னால். ஆகவே நன்றாகப் பிடிக்கும் நிரோதி எல்லாம் ஏற்றம் நிறைந்ததாக அமைகிறது. சோதனைக் குழாயில் அருமையாகப் பிடிக்கும், குடலையும் கல மென்சவ்வையும் தாண்டாது. அதோடு ஆர்ஜினீனுக்குப் பின்னால் வெட்டும் நொதியங்கள் மனித உடம்பில் ஏராளம். குருதியை உறையச்செய்யும் துரொம்பினும் அப்படியொன்று. குருதிக்கசிவு ஆபத்துள்ள ஒரு நோய்க்கு, தவறுதலாகத் துரொம்பினையும் மறிக்கக்கூடிய குளிசையைக் கொடுக்க யாருக்குத் துணிவு வரும்?

வேறு இலக்குகளையும் முயன்றார்கள். ஆர்.என்.ஏயைப் பிரதியெடுக்கும் பொலிமரேசை மறிக்கும் பலாபிராவிரை வியட்நாம் நோயாளிகளில் சோதித்தார்கள். இரத்தத்தில் வைரசு குறையவில்லை. அதைவிட நம்பிக்கை தந்தது மொஸ்னோடென்விர். அது எந்த நொதியத்தின் உயிர்ப்பு மையத்தையும் தொடாது. வைரசின் இரண்டு புரதங்கள் ஒன்றோடொன்று சேர்வதைக் கெடுக்கும். நான்கு வகை டெங்குக்கும் ஆய்வுகூடத்தில் வேலை செய்தது. 2024இல் அதன் களப்பரிசோதனையை நிறுவனமே நிறுத்திவிட்டது. என் கணிப்பில் அறிவியல் தோற்ற கதை இல்லை அது. டெங்கு வருவது யாருக்கு, அவர்களின் கையில் எவ்வளவு காசு என்ற கணக்கும் அதற்குள் இருக்கிறது. இலங்கையில் 2017இல் மட்டும் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு பதிவானது. அவ்வளவு பேர் இருந்தும் இது பணம் கொழிக்கும் சந்தை இல்லை.

காலமும் எதிரி. காய்ச்சல் தொடங்கும்போதே இரத்தத்தில் வைரசு உச்சத்தை அண்மித்துவிடும். பிறகு இறங்கத் தொடங்கும். நோயாளி ஆபத்தாவது காய்ச்சல் விடுகிற நேரத்தில், இரத்தக்குழாயிலிருந்து திரவம் கசியும்போது. அந்நேரம் வைரசை மறித்து என்ன பயன்? மருந்து வந்தாலும் முதல் ஓரிரு நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். முல்லைத்தீவின் உட்கிராமத்தில் காய்ச்சல் வந்த இரண்டாம் நாளே டெங்கு என்று உறுதிசெய்வது எவ்வளவு சுலபம் என்று உங்களுக்கே தெரியும்.

இனி அந்தக் கணினி ஆய்வு. கணினியில் பொருத்திப் பார்க்கும் மென்பொருள், ஓட்டோடொக் வினா போன்றது, ஒரு சேர்வை நொதியத்தில் எவ்வளவு பிடிக்கும் என்று ஒரு எண் தரும். மூலுக்கு மறை 8, மறை 9 கிலோகலோரி என்று. இதில் மறைப் பக்கம் 1.4 கிலோகலோரி கூடினால் பிடி பத்து மடங்கு கூடுகிறது என்று அர்த்தம். மென்பொருளின் பிழையோ 2 கிலோகலோரிக்கு மேல். அதாவது பல பத்து மடங்கு இப்படியோ அப்படியோ இருக்கலாம். இலைகளில் காணப்படும் குவெர்செற்றின் போன்ற பிளேவனொயிட்டுகள் (ஒரு வகைத் தாவரச் சேர்வைகள்) எந்த நொதியத்தில் போட்டாலும் நல்ல எண் தரும். ஐதரொட்சில் கூட்டங்கள் நிறைய இருப்பதால் எங்கும் ஒட்டும். சோதனைக் குழாயிலும் அவை செறிவு கூடினால் திரண்டு, நொதியத்தைச் சும்மா சுற்றிப் பிடித்து, மறித்ததுபோல் காட்டும். துளி சவர்க்காரப்பொருள் விட்டால் அந்த வித்தை கலைந்துவிடும். வாயால் எடுத்தால் குடலும் ஈரலும் அவற்றை உடனே மாற்றிவிடும், இரத்தத்தில் சேர்வது கொஞ்சம். மேலே சொன்ன தாண்டல் நிலை, கந்தகம் ஒட்டுவது, நொதியத்தின் என்.எஸ்.2பி பகுதி திறந்து மூடுவது ஒன்றையும் சாதாரணமாக இந்தக் கணக்கு பார்ப்பதில்லை. நிர்மட்ரெல்விரைக்கூட, நைத்திரைல் ஒட்டுவதைக் கணக்கில் எடுக்காமல் ஓட்டினால், பத்தோடு பதினொன்றாகத்தான் தெரியும்.

இன்னொன்றும் உண்டு, எனக்குச் சிரிப்பு வருவது. பப்பாசியின் பச்சை இலைச்சாற்றை அப்படியே எடுத்து டெங்கு நொதியத்தோடு கலந்து சோதித்தால், சாற்றிலேயே புரதம் வெட்டும் நொதியங்கள் கிடக்கின்றன. அவை டெங்கு நொதியத்தையே தின்றுவிடலாம். மறிப்பு நூறு வீதம் என்று வரும்.

தம்பிக்குச் சாறு கொடுத்ததால் சுகம் வந்ததா என்றால், டெங்கில் இறங்கின குருதிச் சிறுதட்டுகள் பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே ஏறும். சாறு கொடுத்தவர்களில் கொஞ்சம் முந்தி ஏறியதாகச் சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. உயிர் காக்கும் என்று அவை காட்டவில்லை. கைப்பான சாறு வாந்தியைக் கிளப்பினால் திரவக் கணக்கு குழம்பும், அதுதான் என் கவலை. காய்ச்சல் மூன்றாம் நாளில் இரத்தம் சோதியுங்கள். பரசிற்றமோல் மட்டும், இபுபுரூபன், டைக்குளோபெனக், அஸ்பிரின் தொடவே கூடாது. கஞ்சி, இளநீர், ஜீவனி கொடுக்கலாம். பீற்றூட் போன்ற சிவப்பு, கபில நிறப் பானங்கள் வேண்டாம், வாந்தியில் இரத்தம் வந்தால் அடையாளம் தெரியாது. காய்ச்சல் விட்ட பிறகு வயிற்றுவலி, ஓயாத வாந்தி, சலம் குறைதல், கைகால் குளிர்தல் இருந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அதற்கு எந்த நொதிய ஆராய்ச்சியும் பதிலாகாது.

படிப்புக்காகக் கேட்டதால் கடைசியாக ஒன்று. பள்ளிக்கூட ஆய்வுகூடத்திலேயே தொடங்கலாம். பச்சைக்காயைக் கீறி வடிகிற பாலில் ஒரு துளியைத் தண்ணீரில் கரைத்து, பால்மாக் கரைசலில் விட்டு, திரைவதற்கு எவ்வளவு நேரம் என்று பாருங்கள். பப்பாசிப் பாலைப் பாதியாகவும் காலாகவும் ஐதாக்கி அதையே திரும்பச் செய்யுங்கள். நன்றாகக் கொதிக்கவைத்த பப்பாசிப் பாலோடு ஒப்பிடுங்கள். பிறகு காயம் கழுவும் ஐதரசன் பரவொட்சைட்டைப் பப்பாசிப் பாலில் முதலில் கலந்து வைத்துவிட்டுச் செய்து பாருங்கள். கந்தகம் ஒட்சியேறினால் நொதியம் என்னாகிறது என்று கண்ணால் பார்க்கலாம். கையுறை போடுங்கள்.

கணினிப் பக்கம் போவதென்றால் ஒரு சாதாரண மடிக்கணினி போதும். நொதியக் கட்டமைப்புகளும் மென்பொருளும் இலவசம். புரதத் தரவு வங்கியில் 3யு1ஐ என்ற இலக்கத்தில் மூன்றாம் வகை டெங்கின் புரொட்டியேசு இருக்கிறது, உள்ளே ஒரு பெப்ரைட்டு அல்டிகைட்டோடு. ஆம், பப்பெயினில் 1972இல் பார்த்த அதே வகை. அந்த நிரோதியை வெளியே எடுத்துவிட்டு, மென்பொருளைக் கொண்டு திரும்ப உள்ளே பொருத்திப் பாருங்கள். அதன் இரண்டு ஆர்ஜினீன்களும் பளிங்கில் இருந்த குழிகளுக்குள் போய் உட்காருகின்றனவா என்று பாருங்கள். அப்புறம், மறிக்காது என்று ஏற்கெனவே தெரிந்த பத்துச் சேர்வைகளைப் போட்டு, அவற்றின் பிடி இதைவிடப் பலவீனமென்று எண் காட்டுகிறதா என்று பாருங்கள். இவை இரண்டும் சரியாக வந்தால் மட்டும் பப்பாசி இலையின் சேர்வைகளைப் போடுங்கள். வராவிட்டால் அந்த அமைப்பில் எந்த இலையைப் போட்டும் பிரயோசனமில்லை.